ஊதாத வீட்டு மெழுகுவர்த்தி

இலத்தூரில் கரண்ட் போனால் அந்தத் தெருவுக்குப் பெரிய கவலை கிடையாது. இசக்கிசெல்வி வீட்டுக்கு வந்து, பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று கொடு என்று உரிமையோடு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முழுசாக இருப்பது விற்பதற்கு. பாதி எரிந்தது பரிசோதனைக்கு எரிந்தது. அது எப்படியோ பொதுச்சொத்து ஆகிவிட்டது. அவளும் தடுப்பதில்லை, இரவல் கொடுத்துவிட்டு மறுநாள் எப்படி எரிந்தது என்று மட்டும் விசாரிப்பாள்.

அவள் மெழுகை ஊற்றுவது சிரட்டையில். பிறந்த ஊரான வடகரையில் தென்னைக்குக் குறைவில்லை, சிரட்டைக்கு விலையும் இல்லை. நன்றாகத் தேய்த்து, வழுவழுப்பாக்கி, உள்ளே வெள்ளை மெழுகை ஊற்றி நடுவில் திரியை நிறுத்தினால் பார்க்க அசல் தேங்காய் மூடி போலவே இருக்கும். அவள் மாமியார் மூக்கம்மாள் ஒருநாள் அவசரத்தில் அதில் ஒன்றை எடுத்துத் துருவ ஆரம்பித்துவிட்டாள். துவையலுக்கு மிளகாய் வறுத்து வைத்தாகிவிட்டது. எலுமிச்சைப்புல் தைலத்தின் வாசம் ஏறிய பிறகுதான் கை நின்றது. பேருக்கேற்ற மூக்கு அன்றைக்கு வீட்டைக் காப்பாற்றியது.

இசக்கிசெல்வி மெழுகு உருக்க வந்த கதை காலிலிருந்து தொடங்குகிறது. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள் அவள். வேலை செய்தாள் என்பதைவிட நின்றாள் என்பதுதான் பொருத்தம். காலையில் கடை திறக்கும்போது நின்றால், கடை சாத்திய பிறகு பஸ்ஸில் சீட் கிடைத்தால்தான் உட்காருவாள். ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் ஒரு ஸ்டூல் வந்தது. அதன் மேல் பிரித்துப் போட்ட சேலைகளை அடுக்கினார்கள். முழங்காலுக்குப் பின்னால் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்துக்கொண்டது. ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அந்தப் பிரிவுக்குச் சூப்பர்வைசர் கடற்கரை அண்ணாச்சி. கெட்ட மனிதர் இல்லை. அவரும் நின்றுகொண்டேதான் இருப்பார். ஐந்து நிமிடம் தாமதமானால் போன் வந்துவிடும். "எங்க நிக்க?" என்பார். எங்கே இருக்கிறாய் என்பதை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்கள், வீட்டில் படுத்திருப்பவனிடம்கூட எங்க நிக்க என்றுதான் கேட்பார்கள். இசக்கிசெல்விக்கு மட்டும் அந்தக் கேள்வி அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

போன வருடம் மெழுகுவர்த்தி செய்ய ஒரு இலவசப் பயிற்சி நடந்தது. அதற்குப் போனவள் திரும்பக் கடைக்குப் போகவில்லை. கடற்கரை அண்ணாச்சி பெரிய மனது பண்ணி, ஆடித் தள்ளுபடிக்கு ஆள் வேண்டும், வருவதாக இருந்தால் ஆடி பிறப்பதற்கு முன்னால் சொல்லிவிடு, இடம் வைத்திருக்கிறேன் என்றார். அவள் வீட்டிலும் அதையே கெடுவாக வைத்துக்கொண்டாள். ஆடிக்குள் மெழுகு ஒரு வழி பண்ணினால் சரி. இல்லையென்றால் மறுபடி சேலைப் பிரிவு, மறுபடி நிற்பது. கணவன் முத்துச்செல்வம் டிராக்டர் மெக்கானிக். நீ பாத்துச் செய் என்றான். அவன் எதற்குமே அதைத்தான் சொல்வான்.

அவள் பார்த்துத்தான் செய்தாள். வெறும் பாரபின் மெழுகு ஆறும்போது நடுவில் குழி விழுந்தது. மலைத்தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு வாங்கிக் கலந்தாள். குழி போயிற்று, ஆனால் சிரட்டையை விட்டு மெழுகு விலகி ஆடியது. தேங்காயெண்ணெய் சேர்த்தாள், விலகல் போயிற்று, மதிய வெயிலில் மெழுகு இளகிவிட்டது. இறுகுவதற்குப் போடும் ஸ்டியரின் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். எலுமிச்சைப்புல் தைலம் அதிகமானால் மெழுகின் மேல் முத்து முத்தாக வியர்த்தது, குறைந்தால் கொசு பயப்படவில்லை. கடைத் திரி ஒல்லியாக இருந்ததால் சிரட்டையின் அகலத்துக்கு எட்டாமல் தன் குழியிலேயே மூழ்கியது. பருத்தி நூல் வாங்கி அவளே மூன்று புரியாகப் பின்னினாள். தடித்த பின்னல் கரும்புகை கக்கியது, மெலிந்தது தூங்கி வழிந்தது, நடுத்தரமான ஒன்று கடைசியில் நின்று நிதானமாக எரிந்தது.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஒன்றை மட்டும் அவள் தள்ளிவிட்டாள். சொந்தமாகத் திரி பின்னுகிறவர்கள் அதை உப்பும் வெங்காரமும் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டு, காயவைத்துப் பிறகு மெழுகில் முக்க வேண்டும் என்றார்கள். நாட்டு மருந்துக்கடையில் வெங்காரம், அதாவது போராக்ஸ், வாங்கிவந்து அதையும் செய்து பார்த்தாள். ஊறின திரி ஒன்று, ஊறாத திரி ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்து எரித்தாள். கொண்டை ஊசியால் திரியை உருகிய மெழுகுக்குள் மெல்ல அமுக்கிக் குளிர வைத்துவிட்டு, ஊசியாலேயே நிமிர்த்திவிட்டு, மறுநாள் மறுபடி ஏற்றினாள். இரண்டும் ஒரே மாதிரி பிடித்தன, ஒரே மாதிரி எரிந்தன. திரும்பத் திரும்பச் செய்தும் அப்படியேதான். சாரல் காலத்தில் திரி காய்வதே பெரும்பாடு. வெட்டி வேலை என்று வெங்காரப் பொட்டலத்தை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டாள்.

அந்த இடத்தில்தான் வண்டி தடம் மாறியது. அது அவளுக்குத் தெரியாது.

ஐந்தருவி போகிற சாலையில் உள்ள ஒரு ஓட்டலில் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவள் பெர்சிஸ். முன்பு அதே ஜவுளிக்கடையில் பில் போட்டவள். இசக்கிசெல்வியின் ஒரே சிநேகிதி. பில் போடுகிறவர்களுக்கு நாற்காலி உண்டு என்பதால் அந்தக் காலத்தில் இசக்கிசெல்விக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. பெர்சிஸ்தான் சிரட்டை மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய் ஓட்டல் முதலாளியிடம் காட்டினாள். அருவி சீசன் தொடங்கியதும் வராந்தா மேசை ஒவ்வொன்றிலும் ஒன்று வைத்தார்கள். முதல் நாள் எல்லோரும் படம் பிடித்தார்கள். இசக்கிசெல்வி அன்றைக்குச் சந்தோஷத்தில் மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டாள். மூக்கம்மாள் பயந்துபோய், என்ன உடைத்தாய் என்று கேட்டாள்.

இரண்டாம் நாள் பெர்சிஸின் போன். மறுபடி ஏற்றினால் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. லைட்டரால் மெழுகை உருக்கிக் குடைந்து திரியைத் தேட வேண்டியிருக்கிறது. மேசைக்குச் சப்ளை பண்ணுகிற விஜய்பாண்டி, உன் தேங்காய் பார்க்கத்தான் நெற்று, உள்ளே பருப்பு இல்லை என்று கேலி பேசுகிறான்.

இசக்கிசெல்வி வீட்டில் அதே வார்ப்பில் மிச்சமிருந்ததை எடுத்து ஏற்றினாள். எரிந்தது. குளிர வைத்து, மறுநாள் ஏற்றினாள். எரிந்தது. ஓட்டலிலிருந்து திரும்பி வந்த சிரட்டைகளைப் பார்த்தால் திரி மெழுகு மட்டத்துக்குக் கருகிப்போய்க் கிடந்தது. அருவிப் பக்கத்து ஈரம் என்று முதலில் நினைத்தாள். தண்ணீர் தெளித்த கோணிச்சாக்கின் மேல் சிரட்டையை வைத்து ஏற்றினாள், எரிந்தது. தைலத்தைக் குறைத்தாள், எரிந்தது. ஸ்டியரினைக் கூட்டினாள், எரிந்தது. எதைச் செய்தாலும் அவள் வீட்டில் எரிந்து தொலைத்தது. கெட்டுப்போகிற ஒன்றைச் சரி செய்யலாம். கெடவே மாட்டேன் என்கிறதை என்ன செய்வது?

அதற்குள் முதலாளி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை கொல்லத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வருகிறது, வராந்தாவில் விருந்து. அன்றைக்கு ஒழுங்காக எரிந்தால் சீசன் முழுக்க இவளுடையது. இல்லையென்றால் பழையபடி கண்ணாடிக் குப்பி விளக்குகளை வாங்கிக்கொள்வார்கள். சனிக்கிழமை தாண்டினால் ஆடி பிறந்துவிடும். கடற்கரை அண்ணாச்சி வேறு, முடிவு சொல்லு என்று ஆள் மூலம் ஒரு தடவை கேட்டுவிட்டிருந்தார்.

பெர்சிஸ் அவளை ஓட்டலுக்கே வரச் சொன்னாள். வீட்டில் எரிகிறது, இங்கே எரியவில்லை என்றால் இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். அதுவும் சரிதான் என்று புதிதாக வார்த்த சிரட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் போனாள். சாப்பாட்டு நேரம் முடிந்து வராந்தா காலியாகக் கிடந்தது. மலையை மேகம் மூடியிருந்ததால் பகல் மாதிரியே தெரியவில்லை. மேசையில் வைத்து ஏற்றினாள். அத்தனையும் அழகாகப் பிடித்தன. பெர்சிஸ் உட்காரச் சொன்னாள். இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். மெழுகு உருகிச் சிரட்டை ஓரம்வரை தெளிவாகப் பரவியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

போதும், அணைத்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்ப்போம் என்றாள் பெர்சிஸ். சொல்லிக்கொண்டே குனிந்து, உதட்டைக் குவித்து, ஃபூ என்று ஊதினாள்.

இசக்கிசெல்வியின் கை தன்னால் முன்னே போய்விட்டது, அடுப்புக்குள் கை விடப்போகிறவளைத் தடுக்கிற மாதிரி.

"ஏட்டி, ஊதுத?"

"பின்ன? விசிறி வச்சா வீசுவாங்க?"

"வாயாலயா?"

பெர்சிஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் வீட்டில், அவள் போகிற சர்ச்சில், அவள் பார்த்த உலகத்தில் மெழுகுவர்த்தி என்றால் ஊதித்தான் அணைப்பார்கள். இசக்கிசெல்விக்கோ பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எரிகிற திரியை யாரும் வாயால் ஊதி அவள் பார்த்ததே இல்லை. விளக்கை ஊதக் கூடாது, அணைக்கிறேன் என்று சொல்லவும் கூடாது. திரியை எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வைக்க வேண்டும். பிறந்தநாள் கேக்கில் குத்துகிற மெழுகுவர்த்தியைக்கூட மூக்கம்மாள் பூவால்தான் அமர்த்தச் சொல்வாள். பரிசோதனை பண்ணினாளே தவிர, கை அதன் பழக்கத்திலேயே போயிருக்கிறது. வாயால் சாப்பிடுகிறேன் என்று யாரும் சொல்லிக்கொண்டு சாப்பிடுவதில்லை. ஊதித்தான் அணைக்கிறோம் என்று ஓட்டல்காரர்களும் சொல்லவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். சுடர் போய்விட்டது. புகை கோடாக எழும்பியது. ஆனால் திரியின் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. அது சாகவில்லை. மெதுவாகக் கீழே இறங்கியது. திரியைத் தின்றுகொண்டே இறங்கி, மெழுகைத் தொட்ட பிறகுதான் அணைந்தது. அங்கே திரி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"இன்னொண்ணை ஊது," என்றாள் இசக்கிசெல்வி.

பெர்சிஸ் ஊதினாள். அந்தச் சிவப்புப் பொட்டு ஊதும்போது நன்றாகப் பளிச்சிட்டதை இவள் பார்த்துவிட்டாள். விறகடுப்பில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் பாடம் வேண்டியதில்லை. ஊதினால் கங்கு வளரும். அவள் வீட்டில் எல்லோரும் ஊதியிருக்கிறார்கள், ஆனால் எரிய வைக்கத்தான் ஊதியிருக்கிறார்கள். ஊதிச் சுடரைக் கொன்றவன் கங்குக்குச் சோறு போடுகிறான். மெழுகில் அமுக்கினால் கங்கும் சேர்ந்து குளிர்ந்துவிடும், திரியும் மெழுகில் நனைந்து மறுநாளைக்குத் தயாராக நிற்கும். அதனால்தான் வெங்காரத்தில் ஊறினதும் ஊறாததும் அவள் வீட்டில் ஒன்றாகத் தெரிந்தன. வெங்காரமே அந்தக் கங்கைச் சாகடிக்கத்தான். திரியில் கங்கு நிற்பதை அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. மெழுகிலும் கோளாறு இல்லை, மலையிலும் கோளாறு இல்லை, அவள் கைப்பக்குவத்திலும் இல்லை. இத்தனை நாள் பயந்தது இந்தச் சின்னப் பொட்டுக்கா என்றிருந்தது. பெர்சிஸைக் கட்டிக்கொண்டாள். விருந்து இன்னும் நடக்கவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அலமாரியின் மேல்தட்டுப் பொட்டலம் கீழே இறங்கியது. உப்பும் வெங்காரமும் கரைத்துத் திரிகளை ஊறப்போட்டாள். காயவைப்பதுதான் பாடு, சாரல் விட்டபாடில்லை, கொடியில் போட்டது காலையைவிடச் சாயங்காலம் அதிகமாக நனைந்திருந்தது. கடைசியில் இன்வெர்ட்டர் மேல் பரப்பினாள், இஸ்திரிப்பெட்டியைக் காயவைத்துத் தேய்த்தாள். முத்துச்செல்வம் சட்டை தேய்க்கக் காத்திருந்து பார்த்துவிட்டுச் சுருங்கின சட்டையோடே ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். பழைய மெழுகை உருக்கிப் புதுத் திரி நிறுத்தி வார்த்தாகிவிட்டது. இனி ஊதிப் பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் வீட்டில் இடமில்லை. ஒரு சிரட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு புறவாசல் தென்னைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஏற்றினாள். உதட்டைக் குவித்தாள். மூச்சு வரவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு ஊதலாமா என்று பார்த்தாள். காது பக்கம் ஊதி என்ன பிரயோஜனம்? திரும்பினால் மூக்கம்மாள் நின்றுகொண்டிருக்கிறாள்.

என்ன திருட்டு வேலை என்று கேட்டாள். மறைத்துப் பலனில்லை என்று மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். கங்கைச் சொன்னாள், ஊதுவதைச் சொன்னாள், இதை ஊதிப் பார்க்காமல் சனிக்கிழமை கொண்டுபோக முடியாது, அது சரியில்லை என்றால் கடைக்குத்தான் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னாள். மூக்கம்மாள் சிரட்டையைப் பார்த்தாள், மருமகளின் காலைப் பார்த்தாள். ராத்திரி சுவரில் ஏறி நிற்கும் கால்களை அவளும்தான் பார்த்திருக்கிறாள்.

"சாமி முன்னால வச்சாத்தாம்ட்டி அது விளக்கு," என்றாள். "ஓட்டல் மேசையில வச்சா சரக்கு. சும்மா ஊது."

அவள் ஊதினாள். நடுங்கின ஊதல்தான், சுடர் சாய்ந்து மறுபடி நிமிர்ந்துகொண்டது. மூக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, அடுப்பு ஊதிப் பழகிய நெஞ்சிலிருந்து ஒரே ஊது. சுடர் போயிற்று. சிவப்புப் பொட்டு ஒன்று தெரிந்தது, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போதே கறுத்து அணைந்தது. திரி குத்திட்டு நின்றது. தீக்குச்சி உரசியதும் பிடித்தது. பிறகு மூக்கம்மாள் விடவில்லை. ஏற்றச் சொல்லி ஏற்றச் சொல்லி ஊதினாள். வாழ்க்கையில் செய்யாத ஒரு தப்பைச் செய்துபார்க்க ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டால் யார்தான் விடுவார்கள்? போதும் அத்தை என்று இவள்தான் சிரட்டையைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் இசக்கிசெல்வி வராந்தாத் தூணோரமாக நின்றாள். வேலை என்று ஒன்றும் கிடையாது, ஆனால் வீட்டில் இருக்க முடியாது. கொல்லத்துக் குடும்பம் வந்தது. மேசைகளில் சிரட்டைகள் எரிந்தன. குழந்தைகள் தேங்காய்க்குள் தீ என்று மலையாளத்தில் கத்தினார்கள். ஒரு பெரியவர் சிரட்டையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கோ பெர்சிஸ் கொண்டுவந்து கொடுத்த இட்லித் தட்டைப் பார்க்கக்கூட மனமில்லை, திரிகளையே எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

விருந்து பாதியில் இருக்கும்போது மலையிலிருந்து காற்று இறங்கியது. சாரலோடு சேர்ந்த காற்று. மேசைவிரிப்புகள் எழும்பின, டம்ளர் உருண்டது. வராந்தா முழுக்க அத்தனை சுடரும் ஒரே வீச்சில் போயிற்று. யாரும் வாயால் ஊதாத ஊதல் அது. இருட்டில் மேசை மேசையாகச் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. இசக்கிசெல்வி தூணைப் பிடித்துக்கொண்டாள். காற்று இன்னும் வீசிக்கொண்டிருந்தது, கங்குக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. இசக்கியம்மா என்று குலசாமியைக் கூப்பிட்டாள். ஒரு பொட்டு கறுத்தது. அடுத்தது கறுத்தது. ஒவ்வொன்றாக எல்லாம் கறுத்துப் போயின.

காற்று நின்றதும் விஜய்பாண்டி லைட்டரோடு வந்தான். முதல் மேசையில் குனிந்தான், பிடித்தது. இரண்டாவதில் பிடித்தது. அவன் அவசரமே இல்லாமல் மேசை மேசையாகப் போனான், ஒரு இடத்திலும் திரியைத் தேட வேண்டி வரவில்லை. கடைசி மேசையை ஏற்றிவிட்டு, தூணோரம் நிற்கிறவளைப் பார்த்து, பருப்பு இருக்கு என்பதுபோலத் தலையை ஆட்டினான். அப்போதுதான் இசக்கிசெல்விக்குக் கால் வலி தெரிந்தது.

பெர்சிஸ் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தாள். சீசன் முழுக்க உன்னுடையதுதான் என்று சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஓரமாகக் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த நேரம் பார்த்து இசக்கிசெல்வியின் போன் அடித்தது. ஜவுளிக்கடையில் ஆடிச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது போலும், பின்னால் ஒரே இரைச்சல். கடற்கரை அண்ணாச்சி வழக்கம்போல எடுத்த எடுப்பில் கேட்டார்.

"ஏட்டி, எங்க நிக்க?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள்.

"நிக்கல அண்ணாச்சி," என்றாள். "உக்காந்திருக்கேன்."